வீடு காண் படலம்

பெண் பார்க்கும் படலத்தை நம்மவர் பேசியும் எழுதியும் எள்ளி நகையாடியதுண்டு. பட்டுடுத்தி, பலகாரத் தட்டேந்தி, தலைகவிழ்ந்து நிற்கும் பெண்ணைச் சந்தை மாடுபோல் நிறுத்துகிறார்களே என்று சினந்ததுண்டு. அந்தப் படலத்திற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. அதுதான் வீடு பார்க்கும் படலம். வீட்டைப் பார்க்கத்தான் சென்றேன். சென்ற பிறகே தெரிந்தது, அங்கே பார்க்கப்படுவது வீடு மட்டுமன்று, நானுந்தான் என்பது.

நான் ஒரு பள்ளி ஆசிரியன். திருச்சிராப்பள்ளியில் ஒன்பது வாடகை வீடுகளில் அடுப்பு மூட்டி அலுத்தவர் என் தாயார். ஆணி அடிக்க எவரிடமும் அனுமதி கேட்க வேண்டாத வீடு ஒன்று வேண்டும். அவ்வளவே அவர் ஆசை. என் சம்பளச் சீட்டைப் புரட்டிப் பார்த்து வங்கி இருபதாண்டுத் தவணைக்கு இசைந்தது. தாயாரின் வளையல்கள் முன்பணமாக மாறக் காத்திருந்தன. தரகர் ஒருவரின் பின்னே ஐந்து மாதம் ஞாயிறுதோறும் அலைந்தேன். பதினான்கு வீடுகள் பார்த்தேன்.

முதல் வீட்டுக்காரர் கையில் திசைகாட்டி. தென்கிழக்கில் அடுப்பு, தென்மேற்கில் படுக்கை, வடகிழக்கில் பூசை என்று வரிசையாகக் காட்டினார். நன்றாயிருந்த மாடிப்படியை இடித்து மறுபுறம் கட்டினாராம். வாஸ்து வல்லுநரின் கட்டளையாம்! அந்தப் பெருமையை அவர் விரித்துரைத்த நேரத்தில், அவர் சாய்ந்து நின்ற சுவரிலே ஈரம் ஏறி, பூச்சு செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது. கதிரொளி எப்பக்கம் விழும், காற்று எவ்வழி வரும், மழைநீர் எங்கே வடியும் என்று கேட்பது அறிவு. கண்ணாலும் கையாலும் ஆராய்ந்து விடை காணலாம். மூலை மாறினால் குடி கெடும் என்பதற்கோ, அச்சத்தைத் தவிர ஆதாரம் ஏது?

திசைக்கு ஒரு மணி நேரம் செலவிட்ட அவர், பத்திரத்திற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கவில்லை. தாய்ப்பத்திரம் எங்கே என்றேன். தேட வேண்டும் என்றார். பட்டா யார் பெயரில் என்றேன். இறந்துபோன தந்தையின் பெயரில் என்றார். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் உண்டா என்றேன், தரகரைப் பார்த்தார். முப்பதாண்டு வில்லங்கச் சான்று கேட்டபோது, என்னை நம்பிக்கையற்றவன் என்றார். ஆம், நான் நம்பிக்கையற்றவன்தான்! எனினும் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். வில்லங்கச் சான்று பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். பதிவாகாத உடன்படிக்கையை அது அறியாது. எந்தப் பதிவகத்திலும் பதிவாகாத வில்லங்கம் ஒன்று இந்நாட்டு வீடுகளின்மீது உண்டு. அதைப் பதினோராவது வீட்டில் கண்டேன்.

அழகிய சிறு வீடு. பின்புறம் ஒரு வேப்பமரம். பத்திரங்கள் யாவும் பழுதற்றவை. என் தாயார் சமையலறைச் சன்னலருகே நின்று, "இங்க நின்னா காத்து வருதுடா" என்றார். அந்த ஒரு சொல்லில் அவர் அங்கே குடியேறிவிட்டார் என்பதை உணர்ந்தேன். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற அலுவலர், பண்பாளர். காப்பி கொடுத்து உபசரித்தார்.

"தம்பிக்குச் சொந்த ஊர் எது?" சொன்னேன்.

"அங்கே எந்தத் தெரு?" அதையும் சொன்னேன்.

"குலதெய்வம்?" தாயார் சொன்னார்.

முதியவர் முகம் மலர்ந்தது. "அப்ப நம்ம ஆளுங்கதான். விலையைப் பத்திப் பேசிக்கலாம்" என்றார். பேசினோம், ஐம்பதாயிரம் ரூபாய் அங்கேயே குறைந்தது. மூன்று கேள்விகள்! ஒன்றிலேனும் சாதி என்ற சொல் இல்லை. ஆயினும் கேட்டது அதைத்தான். நாங்கள் கூறியதும் அதைத்தான். மகிழ்ந்தேன் தோழர்களே, மறைக்கமாட்டேன். வழியெல்லாம் எந்தச் சுவருக்கு என்ன வண்ணம் என்று பேசிக்கொண்டே வந்தோம்.

மறுநாள் பள்ளியில் கணக்காசிரியரிடம் இதைக் கூறினேன். ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர். அதே சம்பளம், அதே வங்கி, அதே தவணை. "அந்த வேப்பமரத்து வீடா? நானும் பார்த்தேனே! ஊர் கேட்டார், தெரு கேட்டார். மறுநாள், விற்றாகிவிட்டது என்றார்" எனக் கூறிச் சிரித்தார். நான்கு மாதங்களுக்கு முன்பு விற்றாகிவிட்ட வீட்டை நேற்று நான் விலை பேசிவிட்டு வந்திருக்கிறேன்! அவர் சினந்திருந்தால் தாங்கியிருப்பேன். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை.

சட்டம் இல்லையா? இருக்கிறது. எந்தப் பகுதியிலும் வீடு கட்டவோ வாங்கவோ குடியிருக்கவோ ஒருவரைத் தீண்டாமையின் பேரால் தடுப்பது குற்றம் என்று 1955-ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகிறது. ஆனால் வழக்குக்குச் சொல் வேண்டும், சான்று வேண்டும். "விற்றாகிவிட்டது" என்ற சொல்லில் எதைச் சான்றாகப் பிடிப்பது? மற்றொரு புறம், பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற அகமதாபாத் வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது. சங்கம் அமைக்கும் உரிமை அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. 40 வீடுகள் ஆதிதிராவிடருக்கு, பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் 25 வீதம், ஏனையோருக்கு 10 என நூறு வீடுகளை ஒரே வளாகத்தில் அமைத்துப் பெரியார் நினைவு சமத்துவபுரங்களைக் கண்டது தமிழக அரசு. முதலாவது 1998-இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. அரசு நூறு வீடுகளைக் கலந்து வைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பிக் குவளையோடு நடக்கும் உரையாடலில் அரசு எங்ஙனம் நுழையும்?

"அவர் வீடு, அவர் விருப்பம், விரும்பியவருக்கு விற்பது உரிமையன்றோ?" என்பர் சிலர். தனியொருவரின் விருப்பு வெறுப்பாக மட்டும் இருப்பின் வாதாடலாம். ஒரு தெருவின் முப்பது வீட்டுக்காரருக்கும் ஒரே விருப்பம் எப்படி வந்தது? தனித்தனி உரிமைகள் முப்பது சேர்ந்தால் ஒரு மதில். உத்தப்புரத்தில் எழுந்த சுவர் கண்ணுக்குத் தெரிந்தது. ஆகவே 2008-இல் அதன் ஒரு பகுதியை இடிக்க முடிந்தது. இந்த மதிலுக்குச் செங்கல்லும் இல்லை, சிமெண்டும் இல்லை. எதை இடிப்பது?

என்னை வாட்டிய வினா வேறு. நான் பொய் கூறவில்லை. எவரையும் இழிவு செய்யவில்லை. கேட்டதற்கு விடை தந்தேன். இதில் என் குற்றம் என்ன? ஓர் இரவு முழுதும் எனக்காக நானே வாதாடினேன், தோற்றேன். ஏனெனில் அந்த ஐம்பதாயிரம் கணக்கில் உதைத்தது. பணத்தால் நான் செலுத்தாத அந்தத் தொகையைப் பிறப்பால் செலுத்தியிருக்கிறேன்! என் நண்பர் முழு விலையையும் நோட்டாக அடுக்கினாலும் அவரிடம் இல்லாத நாணயம் ஒன்று என் சட்டைப் பையில் இருந்திருக்கிறது. நான் அதை அச்சடிக்கவில்லை, உண்மை. ஆனால் செலவழித்தேன். கள்ள நாணயத்தை அடிப்பவன் ஒருவன். வாங்கி மாற்றுபவர் பலர். மாற்றுபவர் இல்லையேல் அடிப்பவனுக்கு வாணிபம் ஏது?

மறு ஞாயிறு முதியவரிடம் சென்றேன். "ஐயா, இவ்வீட்டை என் நண்பருக்குத் தருவீர்களா?" என்று நேராகவே கேட்டேன். "எனக்கு ஒண்ணுமில்லை தம்பி. தெருவில நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" என்றார். அந்த நாலு பேரைக் கண்டவர் யார்? அடுத்த வீட்டுக்காரர் அஞ்சும் நாலு பேரில் இவர் ஒருவர். இவர் அஞ்சும் நாலு பேரில் அவர் ஒருவர். வணங்கி விடைபெற்றேன். ஒரு மாதத்திற்குள் வேறொருவர் அவ்வீட்டை வாங்கிவிட்டார். அவரிடமும் குலதெய்வம் கேட்கப்பட்டிருக்கும்.

ஆகவே, நான் எதையும் மாற்றிவிட்டதாக மார்தட்டவில்லை. தாயாரிடம் கூறியபோது இரண்டு நாள் அவர் பேசவில்லை. மூன்றாம் நாள், "நீ செஞ்சது சரிதான், ஆனா அது நல்ல சன்னல்டா" என்றார். அந்தச் சன்னலின் காற்றை அவருக்கு நான் மறுத்தேன் என்பது இன்னும் உறுத்துகிறது. கொள்கைக்கு விலை கொடுப்பது நாம். தவணை கட்டுவதோ பல வேளை நம் வீட்டார். இதை அறிந்தே இறங்க வேண்டும்.

தோழர்களே! நாளை நீங்களும் வீடு பார்க்கப் போவீர்கள். சுவரைத் தட்டிப் பாருங்கள், பத்திரத்தைப் படியுங்கள், வடிகாலைக் கவனியுங்கள். "எந்தத் தெரு?" என்ற கேள்வி வரும்போது மட்டும் சற்று நில்லுங்கள். கேட்க ஒருவர், விடை கூற ஒருவர் என இருவர் கூடினால்தான் சாதி அங்கே ஒரு நாள் பிழைக்கும். கேட்பவரை நம்மால் தடுக்க இயலாதிருக்கலாம். விடை நம்முடையது. "வீட்டின் விலை என்ன, ஐயா?" என்று திருப்பிக் கேளுங்கள். அதற்கு மேல் ஒரு காசும் செலுத்தாதீர்கள்.