கருவியின் எல்லையும் மனிதனின் எல்லையும்

கருவி கையின் நீட்சியே என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் கருத்தாகும். மண்வெட்டி தானாக வெட்டுவதில்லை; எழுத்தாணி தானாக எழுதுவதில்லை. ஆதலின் கருவிக்கு அறமும் இல்லை, மறமும் இல்லை. அதனைப் பிடித்த கைக்கே இரண்டும் உரியன என்று அறவியலாளர் பெரும்பாலும் அமைதி கண்டனர். ஆனால், கருவியினுள்ளேயே ஒரு கட்டளைத் தொகுதி எழுதப்பட்டு, எதனைச் செய்யலாம், எதனைச் செய்யலாகாது என்பதை அத்தொகுதியே தீர்மானிக்கும் நிலை தோன்றிய பின்னர் இவ்வமைதி குலைந்துவிட்டது. அக்கட்டளைத் தொகுதியை நிலைபொருள் என்பர். வன்பொருளைப்போல் என்றும் மாறாதிருப்பதும் அன்று. மென்பொருளைப்போல் நாள்தோறும் மாறுவதும் அன்று. அதனை மாற்றும் உரிமை யாருக்குரியது? மாற்றியபின் எழும் பொறுப்பு யாரைச் சாரும்? உள்ளங்கையில் அடங்கும் ஒரு வானொலியை முன்னிறுத்தி இவ்வினாக்களை ஆராயலாம்.

கொக்குவிலில், புகையிரத நிலையத்துக்கு அண்மையிலுள்ள ஒரு வீட்டில், மாணவன் ஒருவன் அத்தகைய கருவியொன்றை மேசைமீது வைத்திருக்கிறான் எனக் கொள்க. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் தேர்வில் அவன் சித்தியடைந்தவன். 4எஸ் என்று தொடங்கும் அழைப்புக்குறி ஒன்றும் பெற்றவன். கருவி, சீனத்தில் ஆக்கப்படும் குவான்ஷெங் யூவி-கே5 என்பது. மிக மலிவானது. அதன் பேச்சுப் பொத்தானை அழுத்தியவாறே மின்னைத் திறந்தால் திரை இருண்டிருக்க, தலைப்பிலுள்ள சிறுவிளக்கு மட்டும் ஒளிரும். அப்போது அது புதிய கட்டளைகளை ஏற்கும் நிலையில் உள்ளது. இருமுனைச் செருகியுள்ள ஒரு வடத்தினாற் கணினியோடு இணைத்து ஒரு கோப்பை அனுப்பினால், ஒரு நிமிடத்துக்குள் பழைய நிலைபொருள் அழிந்து புதியது குடியேறும். 2023ஆம் ஆண்டிலே, புனைபெயரில் இயங்கிய ஒரு நிரலாளர் இக்கருவியின் நிலைபொருளை ஆராய்ந்து, அதற்கு ஈடான ஒன்றைத் தாமே எழுதி, எவரும் படிக்கவும் திருத்தவும் கூடியவாறு வெளியிட்டார். அதன்பின் பலர் பலவாறு அதனை வளர்த்தனர். நிலைபொருளுக்கென உள்ள இடம் ஏறத்தாழ 60 கிலோபைற்று மட்டுமே. ஆகையால் அலைக்கற்றையைத் திரையில் வரைந்து காட்டும் வசதியைச் சேர்ப்பவர் சிலவேளை பண்பலை ஒலிபரப்பைக் கேட்கும் வசதியை நீக்கவேண்டியதாயிற்று. குறுகிய நிலத்திற் குடியிருப்போர் அறிந்த கணக்குத்தான் இது.

ஆயினும் இம்மாற்றங்களுள் ஒன்று ஏனையவற்றோடு ஒத்ததன்று. கருவியின் உள்ளே அமைந்த பெக்கன் நிறுவனத்துச் சில்லு, 18 மெகாஹேட்சிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட மெகாஹேட்ஸ் வரை, இடையே ஓர் இடைவெளி தவிர, எங்கும் இயங்க வல்லது. ஆக்கியோன் எழுதிய நிலைபொருள் அவ்வாற்றலின் பெரும்பகுதியை, அனுப்பும் வேளையில், அடைத்து வைத்தது. புதிய நிலைபொருள் அவ்வடைப்பைத் திறக்க வல்லது. பலாலியில் இறங்கும் விமானத்தின் ஓட்டுநர் பேசும் மீடிறனிலும், கடலிற் செல்லும் கலங்கள் அபாய அழைப்புக்கெனக் காத்திருக்கும் 156.8 மெகாஹேட்சிலும் அம்மாணவனின் அலை சென்று மோதக்கூடும். 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபின் இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று.

இங்கே மெய்யியல் மாணவர்க்கு ஓர் ஐயம் எழுவது இயல்பு. நிலைபொருளை மாற்றிய கருவி அதே கருவியா? புளூட்டாக் எடுத்துரைக்கும் தீசியசின் கப்பலிலே பலகைகள் ஒவ்வொன்றாக மாறின, வடிவம் மாறவில்லை. இங்கோ பலகை ஒன்றும் மாறவில்லை; ஒழுகலாறு முழுவதும் மாறிவிட்டது. சைவசித்தாந்திகள் குடத்துக்கு மண்ணை முதற்காரணமாகவும், திரிகையைத் துணைக்காரணமாகவும், குயவனை நிமித்த காரணமாகவும் வகுப்பர். நிலைபொருளை இம்மூன்றனுள் எதிலே அடக்குவது? குயவன் வீடு சென்ற பின்னரும் அவனுடைய எண்ணம் குடத்தினுள் எஞ்சியிருந்து, இந்த நீரைக் கொள், அந்த நீரைக் கொள்ளாதே என்று சொல்லிக்கொண்டிருப்பதை ஒத்தது அது. முன்னோர் அத்தகைய குடத்தைக் கண்டதில்லை. ஆதலின் அவர்கள் அதற்கு இடம் வகுக்காதது குறையாகாது.

உள்ளதே தோன்றும் என்னும் சற்காரியவாதத்தை வைத்து, ஆற்றல் சில்லிலே முன்னமே உள்ளது, நிலைபொருள் புதிதாக எதனையும் படைக்கவில்லை, அதனை வெளிப்படுத்துவதிற் குற்றமென்ன என்று வாதிப்போர் உளர். கேட்பதற்கு இனிய வாதம். ஆனால் அது சில்லையே கருவியெனக் கொண்டு மயங்குகின்றது. அலையை வடிகட்டும் சுற்றுகள் 144 மெகாஹேட்ஸ், 430 மெகாஹேட்ஸ் ஆகியவற்றை அடுத்த இரு வீச்சுகளுக்கென்றே அமைக்கப்பட்டவை. அவற்றுக்குப் புறத்தே அனுப்ப முற்பட்டால் வலு குன்றும். அதனோடு, கருதிய மீடிறனின் மடங்குகளிலும் வேண்டாத அலைகள் எழும். ஓரிடத்திற் பேசுபவன் தான் அறியாத வேறோரிடத்திலும் இரைச்சலை எழுப்புகிறான். சில்லிலே உள்ளது கருவியிலே இல்லை என்பதே உண்மை.

எல்லை எங்கே இருந்தது, இப்போது எங்கே வந்து நிற்கிறது என்பதே இவ்விடயத்தில் ஊன்றி நோக்கத்தக்கது. முற்காலத்து வானொலி அனுப்பிகளிலே மீடிறனை நிருணயித்தது வெட்டித் தீட்டிய படிகத் துண்டு. வேறொரு மீடிறன் வேண்டுமாயின் வேறொரு துண்டை விலைக்கு வாங்கவேண்டும். சட்டம் எதனைத் தடுத்ததோ அதனைப் பொருளின் இயல்பும் ஓரளவு தடுத்தது. யாழ்ப்பாணத்துப் பங்குக் கிணறுகளின் வரலாறு இதனை நன்கு விளக்கும். ஒரு கிணற்றுக்குப் பங்காளர் பலர். இறைப்புக்கு முறை உண்டு. ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, ஒருவர் தண்ணீர் கட்டுவார். முறையை மீற ஒருவன் எண்ணினாலும் அவனுடைய கால்களின் களைப்பு அவனை ஓரளவிலே நிறுத்திவிடும். துலாவுக்கு எவரும் பூட்டுப் போட்டதாகத் தெரியவில்லை. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபோது நிலைமை வேறாயிற்று. துலா பகல் முழுதும் இறைத்ததை அது சிறிது நேரத்திலே இறைத்தது. குடாநாட்டின் நன்னீரோ, சுண்ணக்கல்லின் உள்ளே உவர்நீரின்மேல் மிதக்கும் ஒரு மெல்லிய வில்லை. அளவிறந்து இறைத்தால் உவர் மேலேறும். அதுவும் இறைத்தவன் கிணற்றோடு நில்லாது அயற்கிணற்றையும் சாரும். பங்காளர் மாறவில்லை, முறையும் மாறவில்லை. களைப்பு என்னும் காவலன் மட்டும் விலகிவிட்டான். அவன் செய்த பணியை இனி யார் செய்வது என்ற கேள்விக்குத் தோட்டக்காரர் இன்னும் விடைதேடிக்கொண்டிருக்கின்றனர்.

வானலையும் அத்தகைய பங்குக் கிணறே. படிகத் துண்டு விலகியபின் அதன் காவற்பணியை நிலைபொருள் ஏற்றது. அதனையும் மாற்றலாம் என்றானபோது அரசுகள் கலங்கியதில் வியப்பில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் இயற்றிய வானொலிக் கருவிகள் பற்றிய நெறிமுறையில், கருவியும் மென்பொருளும் இணைந்து விதிக்கு அமைவன என்று காட்டப்பட்ட பின்னரே அம்மென்பொருளை ஏற்றக்கூடியதாகக் கருவிகளை ஆக்கவேண்டும் என விதிப்பதற்கு இடம்வைத்துள்ளது. பூட்டை ஆக்கியோனின் கையிற் கொடுக்கும் வழி இது. இதனால் வரும் இழப்பையும் மறத்தலாகாது. பூட்டிய பொருளைப் பழுதுபார்க்கவும் இயலாது. அதனுள் என்ன நிகழ்கின்றதென்று படித்தறியவும் இயலாது. விலைகொடுத்து வாங்கியவன் தன் பொருளுக்கே வாடகைக்காரன் ஆகிறான்.

வடபகுதியில் வாழ்ந்தோர்க்கு இவ்விடயம் வேறொரு நினைவையும் எழுப்பும். 1990ஐ அடுத்த ஆண்டுகளிலே குடாநாட்டில் மின்சாரம் இல்லை. உலர்மின்கலங்கள் கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் அடங்கின. மக்கள் துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்னிலே வானொலியை இயக்கி, பிபிசி தமிழோசையையும் வெரித்தாசையும் கேட்டனர். சுழற்றுபவன் கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும். கருவிக்கு விதிக்கப்பட்ட எல்லையைக் கைத்திறத்தாற் கடந்த அச்செயலைக் குற்றமென எவரும் கருதவில்லை. இன்று நினைப்போரும் கருதார். அப்படியாயின் மாணவனின் செயலை மட்டும் ஏன் ஐயுறுதல் வேண்டும்? கேட்பவன் வானலையிலிருந்து எதனையும் குறைப்பதில்லை. ஆயிரவர் கேட்டாலும் ஆயிரத்தோராவது ஆளுக்கு அதே குரல் எஞ்சும். பேசுபவனோ அவ்விடத்தை அவ்வேளையில் அடைத்துக்கொள்கிறான். ஆகவே, வாங்கும் எல்லையை விரிக்கும் நிலைபொருளுக்கும் அனுப்பும் எல்லையை விரிக்கும் நிலைபொருளுக்கும் அறத்தின் கண்ணிலே பெரும் வேற்றுமை உண்டு. கோப்பின் அளவிலே சில பைற்றுகளே வேற்றுமை. பிறர் உரையாடலை ஒட்டுக்கேட்பது பற்றிய கேள்வி தனியானது; அது இங்கு விடப்படுகின்றது.

இனி, திறந்த கருவியை நாடுவோர் கூறும் வலிமைமிக்க நியாயத்துக்கு வரலாம். ஆபத்துவேளையில் உதவும் என்பதே அது. இதற்குச் சட்டத்திலேயே இடமுண்டு. ஆபத்திற் சிக்கிய நிலையமொன்று கவனத்தை ஈர்க்கவும் தன் நிலையை அறிவித்து உதவி பெறவும், தன்னிடமுள்ள எந்த வானொலி வழியையும் கையாளலாம் என்று சர்வதேச வானொலி ஒழுங்குவிதிகள் கூறுகின்றன. கடலிலே இயந்திரம் நின்று காற்றோடு செல்லும் ஒரு படகிலே இக்கைவானொலி இருக்கிறது எனக் கொள்க. கலங்கள் செவிகொடுத்திருக்கும் மீடிறன் எதுவென்று படகிலுள்ளோர் அறிவர். சட்டம் அவர்களைப் பேசு என்கிறது. எல்லையைப் பூட்டிய நிலைபொருள் பேசவிடாது. விதியை இயற்றியோர் விலக்கையும் உடனெழுதினர். அவ்விதியைக் கட்டளையாக்கிக் கருவியிற் பதித்தோர் விலக்கை எழுதவில்லை, எழுதவும் இயலாது. ஆபத்து எதுவென்று அறிய 60 கிலோபைற்றுக்கு வழியில்லை. லெஸ்பொஸ் தீவுக் கட்டடக்காரர் கல்லின் வளைவுக்கேற்ப வளையும் ஈயக் கோலொன்றை அளவுகோலாகக் கொண்டனர் என்று அரிஸ்ரோட்டில் குறிப்பிட்டு, பொதுவிதி தவறும் இடத்தில் அதனைத் திருத்தும் நடுவுணர்வுக்கு அதனை உவமையாக்கினார். நிலைபொருள் இரும்புக் கோல். அது வளைவதில்லை.

நியாயம் வலியதே. ஆயினும் அதனைச் சொல்பவர் யாரென்றும் பார்த்தல் தகும். படகிலுள்ளோன் சொல்லும்போது அதற்குள்ள கனம், கொக்குவிலில் மின்விசிறியின் கீழ் அமர்ந்திருப்பவன் சொல்லும்போது இல்லை. ஆபத்துக்கென்று திறந்துவைத்த வாயில் ஆபத்தில்லாத நாள்களிலும் திறந்தே கிடக்கின்றது, அந்நாள்களே மிகுதி. இன்னொன்று: 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தபோது அமெச்சூர் வானொலியாளர் செய்த பணியை இவ்வாதத்தினர் அடிக்கடி எடுத்துக்காட்டுவர். போட் பிளெயரில் அப்போது தங்கி வானொலி இயக்கிக்கொண்டிருந்த பாரதி பிரசாத்தும் அவர் குழுவினரும் அந்தமான் தீவுகளுக்கும் இந்தியப் பெருநிலத்துக்கும் இடையே செய்தி கடத்தினர். இலங்கையில் விக்டர் குணதிலகவும் வானொலிச் சங்கத்தினரும், தொலைபேசித் தொடர்பு அற்ற அம்பாந்தோட்டையைக் கொழும்போடு இணைத்தனர். இவர்கள் கையாண்டது அமெச்சூர் வானொலிக்கு ஒதுக்கப்பட்ட வீச்சுகளையே. அவர்கள் குரலுக்குச் செவிகள் காத்திருந்தன. அவ்வலைவரிசையில் நெடுங்காலமாகப் பேசிப் பழகி, அழைப்புக்குறியாலும் குரலாலும் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர். ஆபத்திலே பயன்பட்டது அப்பழக்கம். ஒரே இரவில் ஒரு கோப்பை ஏற்றி அதனைப் பெற இயலாது. படகின் வழக்கு இதனால் வீழ்ந்துவிடவில்லை. அது தனியே நிற்கின்றது. அதற்குத் தக்க விடை கடற்றொழிலாளருக்குரிய முறையான கடல்வானொலியே என்று ஒருவர் கூறலாம். விலை எட்டாதவனுக்கு அவ்விடை போதாது என்பதையும் உடன் கூறவேண்டும்.

நிலைபொருளை எழுதி வெளியிடுவோரின் நிலையும் எளிதன்று. அதனைப் பெறுவோருள் தேர்வில் சித்தியடைந்தவரும் உளர். அலைநீளம் என்னவென்றே அறியாதவரும் உளர். பரவலாகப் பயன்பட்ட ஒரு பதிப்பிலே இதற்கு ஒருவகைத் தீர்வு காணப்பட்டது. அனுப்பும் எல்லையைத் தெரிவுசெய்யும் பட்டியல் வெளிப்படையாக இல்லை. பேச்சுப் பொத்தானையும் பக்கப் பொத்தானொன்றையும் சேர அழுத்தியவாறு மின்னைத் திறப்பவனுக்கே அது தோன்றும். அதிலே வெவ்வேறு நாட்டு விதிகளுக்கேற்ற எல்லைகளும், எதனையும் அனுப்பாதே என்னும் நிலையும், யாவற்றையும் திறக்கும் நிலையும் உள்ளன. கடைசியதைத் தெரிவோரிடம் மேலும் உறுதிப்படுத்துமாறு கருவி கேட்கும்.

மாணவன் அவ்விடத்துக்கு வருமுன் செய்யவேண்டிய வேலை ஒன்றுண்டு. நிலைபொருளுக்குப் புறம்பாக, எட்டுக் கிலோபைற்று நினைவகம் ஒன்று இக்கருவியில் உள்ளது. அதன் கடைசி 512 பைற்றுகளிலே, தொழிற்சாலையில் இக்கருவியை மட்டும் அளந்து பதித்த திருத்தங்கள் உள்ளன. இதன் மீடிறன் எவ்வளவு பிசகுகின்றது, இதன் வலு எவ்வெவ்விடத்தில் எவ்வளவு, இதன் மின்கல அளவீடு எவ்வளவு பிழைக்கின்றது என்பன அவை. சில்லு எல்லாக் கருவிகளுக்கும் ஒன்றே, நிலைபொருளும் ஒன்றே. ஒன்றினின்று மற்றொன்றைப் பிரிப்பது இக்குறைகளின் பதிவு மட்டுமே. தீசியசின் கப்பலைத் தேடியவர்க்கு விடை இருக்குமாயின் இங்கேதான் இருக்கவேண்டும். அறியாது அழித்து, வேறொருவர் கருவியின் பதிவை அதில் எழுதினால், கருவி இயங்கும். ஆனால் தன் பிழையைத் தான் அறியாது, 145 என்று திரையிற் காட்டிக்கொண்டே சற்று விலகிப் பேசும். அழிந்த பதிவை மீட்க ஆய்வுகூட அளவுகருவிகள் வேண்டும். ஆதலின் அனுபவமுடையோர் முதலில் அந்த 512 பைற்றுகளைக் கணினியிற் பிரதிசெய்து, கருவியின் தொடரிலக்கத்தைக் கோப்பின் பெயராக இட்டு வைப்பர். அது முடிந்த பின்னரே, பேச்சுப் பொத்தானை அழுத்தியவாறு, மின்னைத் திறப்பர்.