குறைக்கு விலை கொடுக்கலாமா?

வியாபாரிக்குச் சரக்கைப் பார்த்து வாங்கச் சொல்லித் தரவேண்டியதில்லை. மூட்டையைப் பிரித்து, அடியில் கிடக்கும் அரிசியையும் அள்ளிப் பார்த்த பின்னரே அவர் விலை பேசுவார். தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி பெருமானார் (ஸல்) அவர்கள், அதனை மறைத்து வைத்தவரைக் கண்டித்த ஹதீதை நாம் அனைவரும் அறிவோம்.

ஐபு உள்ள சரக்குக்கு விலை குறையும் என்பது கடைத்தெருவின் நியதி. ஐபுக்காகவே விலை ஏறுவதும் உண்டு என்றால் நம்புவீர்களா? ஸ்காட்டிஷ் ஃபோல்டு என்னும் மடிகாதுப் பூனையின் கதை அதுவே.

சிங்கப்பூர் வீவக வீடுகளில், 2024 செப்டம்பர் 1 முதல், உரிமம் பெற்று இரண்டு பூனைகள் வரை வளர்க்க அனுமதி உண்டு. இனிப் பிள்ளைகள் படத்தைக் காட்டி, "வாப்பா, இந்தப் பூனைதான் வேண்டும்" என்று கேட்கக்கூடும். வாங்குமுன் அதன் வரலாற்றை அறிவது நம் கடமை.

1961ஆம் ஆண்டு ஸ்காட்லாந்துப் பண்ணையொன்றில் காணப்பட்ட சூஸி என்ற வெள்ளைப் பூனையே இவ்வினத்தின் மூதாய். காது மடிந்திருப்பது அலங்காரமன்று. குருத்தெலும்பு வலுவிழந்து வளரும் பிறவிக் கோளாறு. அது காதோடு நிற்பதில்லை; கால் மூட்டுகளிலும் வாலிலும் பற்றுகிறது. சில பூனைகளுக்கு இளமையிலேயே மூட்டுகள் இறுகி, தாவுவதும் நடப்பதும் வேதனையாகின்றன. பூனையோ வலியை எளிதில் வெளிக்காட்டாது. அது அசையாமல் அமர்ந்திருப்பதை நாம் சாதுக்குணம் என்று புகழ்கிறோம்! இக்காரணங்களால் பிரிட்டனின் பூனைப் பதிவு மன்றம் 1970களிலேயே இவ்வினத்தைப் பதிவதை நிறுத்திற்று.

"விற்பவர் குறையைச் சொல்லிவிட்டார், நானும் சம்மதித்தேன். பிறகென்ன தவறு?" என்று ஒருவர் கேட்கலாம். அரிசி வியாபாரத்தில் இது நியாயமே. அங்கே நஷ்டம் வாங்குபவருக்கு. அவர் சம்மதித்தால் வழக்குத் தீர்ந்தது. இங்கே வலியைச் சுமப்பது வாயில்லாத மூன்றாமவர். அதன் சம்மதத்தை யார் கேட்டார்கள்? விற்ற சரக்கே மீண்டும் கொள்முதலாகும் என்பதும் நமக்குத் தெரிந்ததே. இன்று நாம் கொடுக்கும் பணம், நாளை பிறக்கும் நோயாளிக் குட்டிகளுக்கு முன்பணமாகிறது.

பூனையை அடைத்து வைத்து, உணவளிக்காமலும் இரைதேட விடாமலும் சாகவிட்ட பெண் தண்டனைக்குள்ளானாள் என்பது ஹதீது. பட்டினி போடுவது பாவமென்றால், வலியோடு பிறக்கும்படி இனம் பெருக்குவதற்குப் பணம் கொடுப்பதை என்னென்பது?

ஏற்கெனவே இப்பூனை வீட்டிலிருந்தால் அதனைக் கைவிடற்க. அது அமானிதம், மருத்துவரிடம் காட்டி, உயரம் ஏறாமலே உண்ணவும் உறங்கவும் வசதி செய்து, அன்போடு பராமரியுங்கள். புதிதாக வளர்க்க விரும்புவோர், காப்பகத்தில் வீடின்றிக் காத்திருக்கும் சாதாரணப் பூனையை அழைத்து வாருங்கள். காது நிமிர்ந்திருந்தால் என்ன? உங்கள் காலடியில் வந்து உரசுவதற்கு அதுவும் அறியும்.

சரக்கின் குறையைக் காணும் கண் நமக்கு உண்டு. நம் ஆசையின் குறையைக் காணவும் அதே கண்ணைத் திறப்போமாக.