ஒரு நாளைக் காலியாக விடுங்கள்

காஷ்மீரில் சோனாமார்கிலிருந்து விஷன்சர், கிஷன்சர், காட்சர், சத்சர், கங்காபல் ஏரிகளைக் கடந்து நாராநாகில் இறங்கும் மலைவழிக்குத் திட்டமிடுகிறவர்கள், நாட்களை இறுக்கமாகவே கட்டுகிறார்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரைதான் பருவம். அலுவலக விடுப்போ அதைவிடக் குறைவு.

காட்சர் கணவாய் ஏறத்தாழ 4,200 மீட்டர். கடல்மட்டத்து ஆக்சிஜனில் ஐந்தில் மூன்று பங்குதான் அங்கே மூச்சுக்குக் கிடைக்கும். அதற்குப் பழக உடல் அவகாசம் கேட்கிறது. இளமையும் கால்வலுவும் அந்த அவகாசத்தைக் குறைத்துவிடாது. 3,000 மீட்டரைத் தாண்டியபின், இரவு தங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவம் சொல்லும் கணக்கு. தலைவலியையும் குமட்டலையும் வெளியே சொல்லாமல் ஏறுகிறார்களே, அவர்களைப் பின்னாலிருந்து தள்ளுவது பெரும்பாலும் வீரம் அல்ல, திரும்பும் ரயிலின் தேதி. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

உபரியாக ஒரு நாள் இருந்தால், மழை பிடித்தாலும், ஓடை பெருகினாலும், கூட வருபவருக்கு முடியாமல் போனாலும் பதற வேண்டியதில்லை. ஒன்றும் நேராவிட்டால் கங்காபல் கரையில் ஹர்முக் சிகரத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு பகல் இருக்கலாம். அந்த நாளையும் சேர்த்தே டிக்கெட் போடுங்கள்.