27-வது இரவு

நண்பர் ஒருவர் இருக்கிறார். கல்யாண ஆல்பம் எடுத்துச் சம்பாதித்து, அந்தக் காசில் கேமராவோடு காடு, கடல் என்று சுற்றுகிறவர். 2025 பிப்ரவரியில், நல்ல முகூர்த்த சீசனில், 'ஒரு மாசம் என்னைக் கூப்பிடாதீங்க' என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார். போதாததற்குத் தவணையில் ஒரு லென்ஸ் வேறு.

"எதுக்குய்யா இந்த வேலை?" என்றேன்.

"ஆமை சார். கடல்லேருந்து கரைக்கு ஏறி வர்ற அந்த ஒரு நிமிஷம். அது வேணும்."

பங்குனி ஆமைகள் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை சென்னைக் கரையில் முட்டையிட வரும். பெரும்பாலும் இரவில்தான். அந்த முட்டைகளைத் தேடிக் காப்பாற்றுவதற்காக மாணவர்களும் தன்னார்வலர்களும் 1988-லிருந்து ராத்திரி ராத்திரியாக இந்த மணலில் நடக்கிறார்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரைக்கும் நம்ம ஆளும் அவர்கள் பின்னால் நடந்தார்.

அது மோசமான வருஷம். ஜனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்துக் கரை ஒதுங்கியிருந்தன. ஆமை நம்மைப் போல நுரையீரலால் மூச்சுவிடும் பிராணி. இழுவை வலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால், கடலிலேயே மூழ்கிச் செத்துப்போகும். நண்பருக்கு முதல் இரண்டு வாரம் கிடைத்தது பிணங்கள் மட்டுமே. அதையும் படமெடுத்தார். அப்புறம் வெறும் மணல். காலில் கொப்புளம். வீட்டில் மனைவியின் மௌனம். மாதக் கடைசியில் வரப்போகும் தவணை.

பிப்ரவரி 1-ம் தேதி நடக்க ஆரம்பித்தவருக்கு 27-வது இரவு. மாசி அமாவாசை. கும்மிருட்டு. தன்னார்வலர்கள் முன்னால் போய்விட்டார்கள். இவரும், பக்கத்துக் குப்பத்து மீனவப் பெரியவர் ஒருவரும் மட்டும். பத்தடி தூரத்தில் அலை ஒன்று பின்வாங்க, அது விட்டுப்போன கறுப்பு உருவம் மெல்ல நகர்ந்தது.

ஃபிளாஷ் போடாமல் எடுத்தால் ஒன்றும் பதியாது. போட்டாலோ, குழி தோண்டுவதற்கு முன்னால் இருக்கும் ஆமை மிரண்டு, முட்டையைச் சுமந்தபடியே கடலுக்குத் திரும்பிவிடலாம்.

"அப்ப மனசுல ஒரு கணக்கு ஓடுச்சு சார்" என்றார் நண்பர். "27 ராத்திரி கண்ணு முழிச்சிருக்கேன். ஒரே ஒரு ஃபிளாஷ். அதுக்குக்கூடவா எனக்கு உரிமை இல்லை?"

இந்தக் கேள்வியில்தான் நான் மாட்டிக்கொண்டேன். ஏனென்றால் இது அவருடைய கேள்வி மட்டும் இல்லை. நாம் எல்லோரும் கேட்பதுதான். விடாமுயற்சி நல்ல குணம், சந்தேகமே இல்லை. ஆனால் அதற்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பட்ட கஷ்டத்தையெல்லாம் கூட்டி பில் போடும். பில்லைப் போட்டு யாரிடமாவது நீட்டும். 'உன்னைப் படிக்க வைக்க நான் பட்ட பாடு தெரியுமா?' என்று பிள்ளையிடம் நீட்டும் அப்பாக்கள் எத்தனை பேர்! இருபது வருஷம் மாங்கு மாங்கென்று உழைத்தவர், இனிமேல் கொஞ்சம் கைநீட்டினால் தப்பில்லை என்று நினைப்பதும் இதே பில்தான்.

ஆமைக்கு அந்த பில் புரியாது. 27 ராத்திரி முழித்திருக்கச் சொல்லி அது யாரையும் கேட்கவில்லை.

லண்டனில் 2009-ல் உலகப் புகழ்பெற்ற காட்டுயிர் புகைப்படப் போட்டி ஒன்றில், வேலி தாண்டிப் பாயும் ஓநாய் படத்துக்கு முதல் பரிசு. பத்தாயிரம் பவுண்ட். 2010 ஜனவரியில் பரிசைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அது பழக்கப்படுத்திய ஓநாயாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது நடுவர்களின் முடிவு. எடுத்தவர் மறுத்தார். படம் என்னவோ அழகான படம்தான். ஆனால் அதைப் பார்க்கிறவனுக்கு, காடு தானாகக் கொடுத்ததா, நாம் பறித்ததா என்பதும் முக்கியமாகிவிடுகிறது.

இன்னொருவர் ஜிம் பிராண்டன்பர்க். அமெரிக்காவின் மினசோட்டா காட்டில், 1994-ல் 90 நாள், நாளைக்கு ஒரே ஒரு கிளிக் என்று தனக்குத்தானே விதி போட்டுக்கொண்டார். சரியாக வரவில்லையே என்று இரண்டாவது தடவை அழுத்த முடியாது. அவருடைய உழைப்பு முழுவதும் அந்த ஒரு கிளிக்குக்கு முந்தைய காத்திருப்பில் இருந்தது.

"ஆனா சார், நல்ல படம் ஒண்ணு ஆயிரம் பேர் மனசை மாத்துமே? அதனால நாலு ஆமை பிழைக்குமே?" என்று நண்பரே எதிர்வாதமும் செய்தார். உண்மைதான். அவர் எடுத்த பிணங்களின் படங்களைப் பார்த்து நானே கலங்கினேன். ஆனால் நல்ல காரியத்துக்கு என்று சொல்லும்போதுதான் நாம் நம்மைச் சுலபமாக மன்னித்துக்கொள்கிறோம். அந்த நன்மைக்கு விலை கொடுப்பது நாமாக இருந்தால் பரவாயில்லை. அன்றைக்குக் கொடுக்கப்போவது கரையேறி வந்த ஒரு தாய்.

"அப்புறம் என்னதான் செஞ்சே?"

"அந்தப் பெரியவர் சொன்னாரு சார். 'விடு தம்பி. அது புள்ளை பெற வந்திருக்குது, உனக்காக வரலை'ன்னு. கேமராவைக் கீழே வெச்சிட்டேன்."

ஒரு மணி நேரம் போல இருவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஆமை பின்துடுப்புகளால் குழி தோண்டியது, முட்டையிட்டது, உடம்பை ஆட்டி ஆட்டி மணலை அமுக்கியது. திரும்பிக்கூடப் பார்க்காமல் கடலுக்குப் போனது. குஞ்சுகள் பொரிக்க ஏறக்குறைய 50 நாள் ஆகும். அவற்றை அது பார்க்கப்போவதே இல்லை. உழைத்துவிட்டு பில் போடாமல் போகிற ஜீவன்!

விடிந்ததும் நண்பர் ஒரு படம் எடுத்தார். மணலில் கடலிலிருந்து ஏறி, கடலுக்கே திரும்பும் ஒரு தடம். ஆமை இல்லை.

அந்தப் படத்துக்கு இதுவரை எந்தப் பரிசும் வரவில்லை. தவணையை அடுத்த முகூர்த்தத்தில் கட்டினார். படம் அவர் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள், "என்ன சார், டிராக்டர் போன தடமா?" என்று கேட்கிறார்கள்.

அவர் சிரித்துக்கொண்டே, "உக்காருங்க, சொல்றேன்" என்கிறார்.