யார் வந்து போனது?

போடிநாயக்கனூரில் ‘ஏலம்’ என்றால் காயையும் குறிக்கும். அதை விலை கூறி விற்பதையும் குறிக்கும். 2007-இல் மின்னணு ஏலம் வந்த பிறகு கூறுவது போய், கணிப்பொறியின் முன்னால் உட்கார்ந்து விரலால் அழுத்துவது வந்துவிட்டது. அந்த ஊரில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் என் நண்பருடைய கணிப்பொறிக்குள் ஓர் இரவு யாரோ புகுந்துவிட்டார்கள். பூட்டு உடையவில்லை, நாய் குரைக்கவில்லை. எங்கிருந்தோ நீண்ட ஒரு கை, தோட்டக்காரர்களின் கணக்கையெல்லாம் நகலெடுத்துக்கொண்டு போயிருந்தது. நேரம் 2.10. பதிவில் இருந்த பெயர், கணக்கெழுதும் பையனுடையது.

குரங்கணிப் பக்கத்துப் பையன். தகப்பன் இல்லை; தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடன் வேறு. “பாவம், கஷ்டம் இப்படிச் செய்ய வைத்திருக்கும்” என்றேன் நான். அதை இரக்கம் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன். நண்பர் அவனை மூன்று நாள் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்.

மதுரையிலிருந்து வந்த நிபுணர், எதையும் அழிக்கக்கூடாது என்றார். இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு, பதிவுகளை நகலெடுத்து வைத்துக்கொண்டு படித்தார். எந்தப் பெயரில் நுழைந்தார்கள் என்பதைத்தான் பதிவு சொல்லும், யாருடைய விரல் என்பதைச் சொல்லாது என்றார். வழியும் அகப்பட்டது. மலைமேல் தோட்டத்து வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்கலாமென்று, தொலைவிலிருந்து இயக்கும் செயலி ஒன்றைப் போன வருஷம் போடச் சொன்னவர் முதலாளியேதான். கடவுச்சொல், கடையின் பெயரும் வருஷமும். பையனின் பெயரில்தான் முதலாளி உட்பட எல்லாருமே உள்ளே போய் வந்திருக்கிறார்கள்! அன்றிரவு வந்தவன் யாரென்பது கடைசிவரை தெரியவில்லை.

கௌதமரின் உருவில் வந்தவன் இந்திரன். கல்லாய்க் கிடந்தவள் அகலிகை. பிறர் கடவுச்சொல்லை வஞ்சகமாகப் பயன்படுத்துகிறவனுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும் வைத்திருக்கிறது. ஒருவனுடைய ஏழ்மையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிய எனக்கு எந்தப் பிரிவு?

2019-இல் கூடங்குளத்தில் நடந்தது நினைவுக்கு வருகிறது. உலையை இயக்கும் அமைப்பின்மேல் இணையத் தாக்குதல் நடக்கவே முடியாது, பரவுவது பொய்ச் செய்தி என்று அக்டோபர் 29-ஆம் தேதி அணுமின் நிலையம் அறிவித்தது. நிர்வாக வேலைக்கான கணிப்பொறி ஒன்றில் தீய நிரல் இருந்ததை மறுநாளே அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. உலையின் அமைப்பு தனியானது, அதற்குப் பாதிப்பில்லை என்றது. செப்டம்பர் 4-ஆம் தேதியே தகவல் வந்திருந்ததாம். அவ்வளவு பெரிய நிலையமே ஒரு நாள் தடுமாறும்போது என் நண்பரை என்ன சொல்ல! ஆனால் என் மனம் சுற்றிச் சுற்றி வருவது, அந்த அறிக்கையில் பெயரில்லாமல் வந்துபோன ஊழியரைத்தான். அவருடைய கணிப்பொறியில்தான் அது இருந்தது. அந்த நாட்களில் சக ஊழியர்களுக்கு நடுவே அவர் எப்படி உட்கார்ந்திருந்தாரோ!

நண்பர் மன்னிப்புக் கேட்கவில்லை. “நாளைக்கு வந்திடு தம்பி” என்று போனில் சொன்னதோடு சரி. பையன் வந்துவிட்டான். இப்போது தினமும் கிளம்பும்போது, கணிப்பொறியை அணைத்த நேரத்தை ஒரு நோட்டில் எழுதி, கடையில் இருக்கும் யாரிடமாவது கையெழுத்து வாங்கிக்கொள்கிறான். அப்படிச் செய்யும்படி அவனிடம் யாரும் சொல்லவில்லை. போன வாரம் நான் போயிருந்தபோது நோட்டை என் பக்கம் நீட்டினான்.

“ஒரு கையெழுத்து, சார்.”

போட்டேன். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்கவில்லை.