காற்றுக்கதவின் பிடி உன் கையில்

அந்த அடுப்பில் எண்கள் இல்லை. திருகும் குமிழ் இல்லை, சிவப்பு விளக்கு இல்லை, வெந்துவிட்டது என்று சொல்ல மணி இல்லை. 1890-களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வீடுகளில், சமையலறைச் சுவரோரம் கறுப்பாக உட்கார்ந்திருந்த வார்ப்பிரும்பு அடுப்பு அது. விறகும் நிலக்கரியும் போட்டு எரிக்க வேண்டும். அதன் வயிற்றுக்குள் இருக்கும் ஓவனில்தான் ரொட்டி வேக வேண்டும், கேக் உப்ப வேண்டும், கஸ்டர்டு இறுக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சூடு. கேக்குக்குச் சுமார் 180 டிகிரி செல்சியஸ், ரொட்டிக்கு 200-க்கு மேல், பாலும் முட்டையும் சேர்ந்த கஸ்டர்டுக்கு 150 போதும். இந்த எண்கள் நம் காலத்தவை. அந்த வீட்டுப் பெண்ணுக்கு இருந்தவை ஒரு கை, ஒரு மூக்கு, ஒரு கரண்டி மாவு. அவற்றை வைத்துக்கொண்டு தினமும் பொன்னிறத்தில் ரொட்டி சுட்டாள்.

கருவி இல்லை, வசதி இல்லை, வழிகாட்ட ஆள் இல்லை என்று கைகட்டி நிற்கும் தம்பியே, தங்கையே, இவள் என்ன செய்தாள் என்று பார்!

முதலில் அந்த அடுப்பின் உள்ளமைப்பைப் புரிந்துகொள். ஒரு பக்கம் தீ எரியும் அறை. அதை ஒட்டி ஓவன். தீ ஓவனுக்குள் நுழைவதே இல்லை. தீயிலிருந்து கிளம்பும் சூடான புகை ஓவனின் தலைக்கு மேலே ஓடி, மறுபக்கம் இறங்கி, அடிவயிற்றைச் சுற்றிவிட்டுப் புகைபோக்கிக்குப் போகும். அந்தப் புகையைச் சுற்றவிடுவதா, நேரே மேலே போகவிடுவதா என்று தீர்மானிப்பது ஒரு சின்ன இரும்புத் தகடு. டேம்பர் என்பார்கள். பற்றவைக்கும்போது அதைத் திறந்து வைக்க வேண்டும். புகை நேரே போகும், தீ வேகமாகப் பிடிக்கும். பிடித்த பிறகு மூட வேண்டும். அப்போதுதான் சூடு ஓவனைத் தழுவும்.

திறந்தே விட்டால்? தீ ஆர்ப்பரித்து எரியும். பார்க்க அழகாக இருக்கும். ஓவன் மட்டும் சில்லென்று கிடக்கும். அத்தனை விறகின் சூடும் பாஸ்டன் வானத்துக்குப் போய்ச் சேரும்.

நம்மில் எத்தனை பேர் இப்படி எரிகிறோம்! காலையில் எழுந்ததும் பொங்குகிற உற்சாகம், பத்துப் பேரிடம் திட்டத்தைச் சொல்லித் தீர்ப்பதிலேயே போய்விடுகிறது. கைப்பேசியில் கரைகிறது. எவனோ ஒருவனோடு வாதாடுவதில் போகிறது. மாலையில் "எனக்குள் தீ இல்லை" என்று உட்கார்ந்துவிடுகிறாய். இல்லை என்று யார் சொன்னது? இருக்கிறது, தம்பி! தகடு திறந்து கிடக்கிறது. போய் மூடு!

அடுத்து, தீயின் கழுத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள். தீயறையின் கீழே, சாம்பல் விழும் இடத்தில், ஒரு சிறு கதவு. காற்று நுழைகிற வாசல் அதுதான். அகலத் திறந்தால் தீ சீறும். விரற்கடை விட்டு மூடினால் கங்காக அடங்கி மணிக்கணக்கில் நின்று எரியும். சூடு வேண்டுமென்றதும் விறகைத் திணிப்பவள் கற்றுக்குட்டி. கதவில் கை வைப்பவள் சமையற்காரி. அதே அடுப்பு, அதே கரி. ஒருத்தியின் ரொட்டி மேலே கருகி உள்ளே பச்சை மாவாக வரும். இன்னொருத்தியுடையது சீராக வேகும்.

அந்தக் காற்று உள்ளே போக வேண்டுமென்றால் சாம்பலை வார வேண்டும். நேற்றைய சாம்பல் கம்பித்தட்டின் இடுக்குகளை அடைத்துக் கிடக்கும். ஓவனின் தலையிலும் கரியும் சாம்பலுமாகப் படிந்து, சூட்டை உள்ளே விடாத கம்பளியாகிவிடும். அதைச் சுரண்டி எடுப்பதற்கென்றே அந்த அடுப்புகளில் சிறு திறப்பும் நீண்ட கரண்டியும் இருந்தன. விடிந்ததும் முதல் வேலை அதுதான். உன் மனதிலும் சாம்பல் உண்டு. தேர்வில் தோற்றது, கடன் கேட்டு அவமானப்பட்டது, ஒருவர் முகத்துக்கு நேரே சிரித்தது எல்லாம் எரிந்து முடிந்தவை. அவற்றின் மேலேயே புது விறகை அடுக்காதே. வாரிக் கொட்டு!

இப்போது நான் மிக முக்கியமாக நினைக்கும் இடத்துக்கு வருகிறேன். எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும் என்று நம் ஊரில் சொல்வார்கள். மூன்று கல் அடுப்புக்கு அது சத்தியமான வார்த்தை. விறகை வெளியே இழுத்தால் உலை உடனே அடங்கும். வார்ப்பிரும்பு அடுப்பு அப்படி இல்லை. அந்த இரும்பு சூடேறவும் நேரம் எடுக்கும், ஆறவும் நேரம் எடுக்கும். இப்போது காற்றுக்கதவைத் திறந்தால் ஓவனுக்குள் அது தெரிய நெடுநேரம் பிடிக்கும். ஓவனில் இந்த நிமிடம் இருக்கும் சூடு, சற்று முன்பு நீ செய்ததன் பலன்.

இது தெரியாதவள் என்ன செய்வாள்? திறப்பாள். சூடு ஏறவில்லையே என்று இன்னும் திறப்பாள், கரியையும் கொட்டுவாள். சூடு வந்து சேரும்போது வெள்ளமாக வரும். ரொட்டி கருகும். பயந்துபோய் எல்லாவற்றையும் மூடுவாள். அடுத்த ரொட்டி வேகாது. கைதேர்ந்தவள் திறந்துவிட்டுக் காத்திருப்பாள். ரொட்டி உள்ளே போக ஒரு மணி நேரம் முன்பே தீயைத் தயார் செய்திருப்பாள்.

மூன்று மாதம் படித்தேன், பலன் இல்லை என்கிறாய். கடை திறந்து நாலு மாதம், கூட்டம் வரவில்லை என்கிறாய். உன் இரும்பு இப்போதுதான் சூடேறிக்கொண்டிருக்கிறது. நேற்று போட்ட உழைப்பை இன்றைக்கே தொட்டுப் பார்த்து, இல்லை என்று முடிவு கட்டாதே. கதவைத் திறந்தவன் நீ. சூடு வந்தே தீரும். அது வரும்போது நீ அடுப்பங்கரையில் இருக்க வேண்டும்.

காத்திருப்பது என்றால் கண்ணை மூடிக்கொள்வது இல்லை. அந்தப் பெண்கள் ஒரு தகரத் தட்டில் மாவைப் பரப்பி ஓவனுக்குள் வைப்பார்கள். ஐந்து நிமிடத்தில் மாவு லேசாக நிறம் மாறினால் சூடு குறைவு. பொன்னிறமானால் மிதம். கரும்பழுப்பாகிவிட்டால் கடும் சூடு. ஒரு கரண்டி மாவுதான் அவர்களுடைய வெப்பமானி. தீயறையை ஒட்டிய பக்கம் எப்போதும் கூடுதலாகச் சுடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதற்காக யாரும் அடுப்பைத் திட்டவில்லை. பாதி வெந்ததும் ரொட்டியைத் திருப்பி வைத்தார்கள். உன் குறை உனக்குத் தெரிந்தால் போதும், அதைச் சுற்றி வேலை செய்ய வழி இருக்கிறது.

இதையெல்லாம் எழுத்தில் வைத்தவர்களில் ஒருவர் ஃபேனி ஃபார்மர். 1857-இல் பிறந்தவர். 16 வயதில் பக்கவாதம் தாக்கியது. பள்ளிப் படிப்பு நின்றது. ஆண்டுக்கணக்கில் நடக்க முடியவில்லை. எழுந்து நடந்தபோதும் காலைத் தாங்கி நடப்பது போகவில்லை. முப்பது வயதில், மற்றவர்கள் இனி என்ன இருக்கிறது என்று நினைக்கும் வயதில், பாஸ்டன் சமையற்பள்ளியில் மாணவியாகச் சேர்ந்தார். சில ஆண்டுகளில் அந்தப் பள்ளிக்கே தலைவியானார். 1896-இல் அவர் எழுதிய சமையல் நூலைப் பதிப்பகம் நம்பவில்லை. செலவை அவரே ஏற்க, 3,000 பிரதிகள் அச்சாகின. அந்த நூலின் தொடக்கத்தில் அடுப்பு மூட்டும் முறை இருக்கிறது. கம்பித்தட்டின் சாம்பலை வாருவதில் ஆரம்பித்து, கரியின் மேல் ஆடும் நீலச் சுடர் அடங்கும் வரை டேம்பரை மூடக் கூடாது என்பது வரை. நீலச் சுடர் என்பது நச்சு வாயு எரிவது. அது தீர்வதற்குள் மூடினால் ஆபத்து. வெண்ணெய் ஒரு கொட்டைப்பாக்களவு, மாவு ஒரு கையளவு என்று சமைத்துக்கொண்டிருந்த காலத்தில், தட்டிச் சமன் செய்த கரண்டியாலும் கிண்ணத்தாலும் அளந்து போடு என்றார். உடம்பில் இருந்த கொஞ்சம் வலுவையும் சிந்தாமல் அளந்து செலவிட்ட பெண் அவர். கடைசி ஆண்டுகளில் சக்கர நாற்காலியில் இருந்தபடியே வகுப்பெடுத்தார்.

அடுப்பை வசப்படுத்திய இன்னொருவர், ஸ்வீடன் நாட்டுக் கண்டுபிடிப்பாளர் குஸ்தாஃப் டாலேன். 1912-இல் அசிட்டிலின் வாயுச் சோதனையில் வெடிப்பு. 42 வயதில் இரண்டு கண்களும் போயின. அதே ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. மேடையேறி வாங்கியவர் அவருடைய சகோதரர். டாலேன் மூலையில் முடங்கவில்லை. 1937-இல் இறக்கும் வரை தன் நிறுவனத்தை நடத்தினார். பார்வை போன பத்தாண்டு கழித்து, 1922-இல், ஆகா என்ற கரியடுப்பை உருவாக்கினார். கனத்த வார்ப்பிரும்பு சூட்டைச் சேமிக்கும். சுற்றிலும் தடித்த காப்பு அதை வெளியே விடாது. உள்ளே போகும் காற்றைத் தானியங்கிக் கட்டுப்பாடு அளந்து கொடுக்கும். ஒரு சிறு தீ, இரவும் பகலும் அணையாமல். தீயைப் பார்க்கவே முடியாத மனிதர் தீயை இப்படி வசப்படுத்தினார்!

உனக்குக் கண் இருக்கிறது. கை இருக்கிறது. இன்று இரவு படுப்பதற்கு முன் ஒரு தாளை எடு. நாளைக் காலையின் முதல் இரண்டு மணி நேரம் எந்தப் புகைபோக்கி வழியாக வீணாகப் போகப்போகிறது என்று எழுது. விடிந்ததும் அந்தத் தகட்டை மூடிவிட்டு வேலையைத் தொடங்கு.