புழுவில்லாத காயும் கொல்லாமை விரதமும்

இல்லறத்தார் ஏற்கும் ஐந்து அணுவிரதங்களுள் கொல்லாமையே தலையாயது என்பதை நம் இல்லங்களில் சிறு பிள்ளையும் அறியும். பொழுது சாயுமுன் உண்கிறோம். நீரை வடிகட்டிப் பருகுகிறோம். கிழங்கு வகைகளை விலக்குகிறோம். மழைக்கால நான்கு திங்களில் கீரையைத் தொடாத குடும்பங்கள் நம்மிடையே பல. காய் வாங்கும்போதும், புழு இருக்கின்றதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தே கூடையில் இடுகிறோம். இந்தக் கடைசிப் பழக்கத்தைக் குறித்தே இங்கு எழுதத் துணிந்தோம்.

வட ஆர்க்காட்டுச் சிற்றூரில் பிறந்து, ஆசிரியப் பணியின் பொருட்டுக் கோவைக்கு வந்து, பணி நிறைவுக்குப் பின்னும் சிங்காநல்லூரிலேயே தங்கிவிட்ட நமக்கு, வாரம் இருமுறை காலையில் இங்குள்ள உழவர் சந்தைக்குச் செல்வது வழக்கம். தமிழகத்தின் முதல் உழவர் சந்தை 1999-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் மதுரையில் திறக்கப்பெற்றது. பஞ்சாபில் 1987-இல் தோன்றிய 'அப்னி மண்டி'யும், ஆந்திரத்தில் 1999-இன் தொடக்கத்தில் ஏற்பட்ட 'ரைத்து பஜார்'களும் இதற்கு முன்னோடிகள். அடையாள அட்டை பெற்ற உழவர் தாம் விளைவித்ததைத் தாமே விற்பர், இடைத்தரகர் இல்லை. அன்றைய விலையைப் பலகையில் எழுதிவிடுவதால், ஏழை உழவரிடம் எட்டணாவுக்கு வழக்காடும் சிறுமையும் பெரும்பாலும் இல்லை. எல்லாவற்றிலும் மேலாக, நம் எதிரே அமர்ந்திருப்பவர் அந்தக் காயைப் பயிரிட்டவர். கேட்டால் அவரிடம் விடை உண்டு. அந்த விடை நமக்கு இனிப்பாக இருக்கவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை.

சென்ற தை மாதம், அவரைக்காய் மிகுந்து வரும் பருவம். வழக்கமாக நாம் வாங்கும் உழவர் பெண்ணின் குவியலில் துளையுள்ள காய்களை ஒதுக்கி, பளபளப்பானவற்றைப் பொறுக்கிக்கொண்டே, "மருந்து அடித்தாயா அம்மணி?" என்று கேட்டோம். அவள் சிரித்தாள்.

"ஏனுங்கம்மா, போன வாரம் மருந்தடிக்காத காய்தானுங்க கொண்டாந்தேன். புழு இருக்குதுன்னு நீங்கதான் வெச்சுட்டுப் போனீங்க. கூடை அப்படியே திரும்பி வந்துச்சுங்க. அப்புறம் அடிக்காம என்ன பண்றதுங்க?"

வீடு வரும்வரை நாம் யாரிடமும் பேசவில்லை.

சமண நூல்கள் இம்சையை நால்வகையாகப் பகுக்கும். சமையல் முதலிய இல்லப் பணிகளால் வருவது, உழவு முதலிய தொழிலால் வருவது, தற்காப்பால் வருவது, கொல்லவேண்டும் என்றே எண்ணிக் கொல்வது. முதல் மூன்றும் இல்லறத்தாரால் முற்றும் விலக்க இயலாதவை. நான்காவதை அறவே விடவேண்டும். பூச்சிமருந்து தெளிப்பது தொழிலால் வரும் இம்சையா, எண்ணிச் செய்யும் கொலையா என்று கற்றோர் வாதிடலாம். அந்தப் பெண்ணுக்கு அது பிழைப்பு. அவள் கணக்கை நாம் எழுத வேண்டியதில்லை. நம் கணக்குத்தான் நம்மை உறுத்தியது. ஏனெனில் சமந்தபத்திரர் தம் இரத்தின கரண்டகத்தில் இவ்விரதத்தை வரையறுக்கும்போது, தான் செய்யாமை மட்டும் போதும் என்று விடவில்லை. பிறரைக்கொண்டு செய்வித்தலையும், செய்வதற்கு உடன்படுதலையும் சேர்த்தே விலக்கினார்.

"மருந்தடி என்று நாம் சொல்லவில்லையே" எனலாம். நாமும் முதலில் அப்படித்தான் சமாதானம் தேடினோம். ஆனால் ஒரு பழைய நினைவு தடுத்தது. ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியேற்ற புதிதில், பிழையே இல்லாத நோட்டுக்கு மட்டும் பாராட்டு எழுதித் தருவோம். அரையாண்டுக்குள் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அடுத்தவர் நோட்டைப் பார்த்து எழுதப் பழகிவிட்டார்கள். காப்பியடி என்று நாம் ஒருவரிடமும் சொன்னதில்லை. நாம் எதை விரும்பினோம் என்பதை அவர்கள் தெரிந்துகொண்டார்கள், அவ்வளவே. சந்தையில் பளபளப்பான காயை மட்டும் பொறுக்கும் கையும் அப்படிப்பட்ட பாராட்டுத்தானே?

எதிர்வாதம் வலுவுடையது. புழுவுள்ள காயை வாங்கி, கவனக்குறைவால் ஒன்று கொதிக்கும் நீரில் விழுமானால் அந்தக் கொலை நேரே நம் கையால் ஆனது, உணவும் தீட்டாயிற்று. நம் மருமகள் இதைத்தான் சொன்னாள். எட்டு மணிக்கு அலுவலகம் புறப்படுபவள் ஒவ்வொரு காயாகப் பிரித்துக்கொண்டிருக்க முடியுமா என்றும் கேட்டாள். அவள் கேட்டதில் தவறில்லை. எனினும் நம் கருத்து இது: கண்ணுக்கு எதிரே உள்ள புழுவைக் கவனம் இருந்தால் காப்பாற்றலாம், தெளிப்பானின் கீழ் மடியும் எண்ணற்றவற்றை நாம் எவ்வளவு கவனமாக இருந்தும் காப்பாற்ற இயலாது. கவனக்குறைவையே இம்சையின் வேராகத் தத்துவார்த்த சூத்திரம் கூறுவதும் நினைவுக்கு வருகிறது.

இடைவழியும் இல்லாமலில்லை. 100 லிட்டர் நீருக்கு 5 கிலோ வேப்பங்கொட்டை என்ற அளவில் இடித்து ஊறவைத்து வடிகட்டித் தெளிக்கும் கரைசலைப் பல உழவர் அறிவர். அது பெரும்பாலும் பூச்சியை உண்ணவிடாமல் விலக்குவது. முற்றும் கொல்லாதது என்று சொல்ல மாட்டோம். மரபணு மாற்றிய கத்திரியோ வேறு கதை. நம் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் அதன் ஆய்வில் பங்கு கொண்டிருந்தது. 2010 பிப்ரவரியில் நடுவண் அரசு அதனை நிறுத்திவைத்தது. அதில் மருந்தே தெளிக்க வேண்டாம், செடியின் நஞ்சே புழுவைக் கொன்றுவிடும் என்றார்கள். செடி கொன்றால் பழி யாரைச் சேரும் என்பதை நம் பெரியோர் எவரேனும் இவ்விதழில் எழுதினால் நன்றியுடன் படிப்போம்.

இப்போது அந்தப் பெண் நமக்கென்று மருந்தடிக்காத காய் இரண்டு கிலோ தனியே கொண்டுவருகிறாள். பலகை விலையையே தருகிறோம். துளையைக் காட்டிக் குறைப்பதில்லை. முதல் நாளிரவே அமர்ந்து காயைப் பிரிப்பது நம் வேலை. முதல் வாரம் ஏழு புழுக்கள். காய்த்துண்டோடு எடுத்துப் பொழுது விடிந்ததும் முருங்கை அடியில் விட்டோம். திரும்பிப் பார்க்குமுன் ஒரு மைனா வந்து நின்றது. அன்று முதல் செம்பருத்திப் புதருக்குள் கைவிட்டு, சருகின் அடியில் வைக்கிறோம்.

சந்தைக்குப் போனால் அவளே கேட்கிறாள்: "இந்த வாரம் எத்தனைங்கம்மா?"